நோர்மல் என்று மடித்து வைத்த றிப்போர்ட்

அண்ணாவுக்கு முள்ளந்தண்டில் அடிபட்டு 9 வருடம். போன முறை இரத்தம் சோதித்தபோது மொத்தக் கொலஸ்ரோல் 178. நோர்மல்தானே என்று றிப்போர்ட்டை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டோம். முதல் பிழை அதுதான். சக்கர நாற்காலியில் இருக்கும் பலருக்கு கெட்ட கொலஸ்ரோல் பெரிதாக ஏறாது, நல்லதான எச்.டி.எல். விழுந்து கிடக்கும், மொத்தக் கணக்கும் அதோடு இறங்கி அழகாகத் தெரியும். ஆண்களுக்கு இந்த எச்.டி.எல். 40க்குக் கீழே போனாலே குறைவு. அண்ணாவுக்கு 31.

நிறையும் அப்படித்தான் ஏமாற்றும். கால் தசை கரைந்த இடத்தில் கொழுப்பு வந்து உட்கார்ந்தால் தராசு அசையாது. உயரத்தோடு நிறையை ஒப்பிடும் பி.எம்.ஐ. 25 வரை பரவாயில்லை என்பது நடப்பவர்களுக்கான கணக்கு, இவர்களுக்கு 22 தாண்டினாலே கவனிக்க வேண்டும்.

அடுத்தது அம்மாவின் அன்பு. "பாவம், வீட்டுக்குள்ளேயே இருக்கிறான்" என்று கோப்பையில் இன்னொரு அகப்பை சோறு விழும், பார்க்க வருபவர்கள் வெள்ளவத்தையில் இறங்கி ரோல்ஸ், பற்றிஸ் என்று பார்சல் கட்டிக்கொண்டு வருவார்கள். கால்கள் மட்டும் இயங்காதவருக்கு நிறையில் ஒரு கிலோவுக்கு நாளுக்குச் சுமார் 28 கலோரி போதும், கைகளும் பாதிக்கப்பட்டவருக்கு 23 அளவில்தான்.

தேங்காய் எண்ணெய்ப் போத்தலில் "கொலஸ்ரோல் இல்லை" என்று இருக்கும். உண்மைதான், எந்தத் தாவர எண்ணெயிலும் அது இல்லை. ஆனால் தேங்காய் எண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு, இரத்தத்தில் கெட்ட கொலஸ்ரோலை ஏற்றுவது அதுதான். முட்டையை விரட்டிவிட்டு தேங்காயின் முதற்பாலில் சொதி வைத்துக்கொண்டிருந்தோம் நாங்கள்!

சரி, நார்ச்சத்து நல்லதென்று ஒரே நாளில் ஓட்ஸ், கௌபி, குரக்கன் எல்லாவற்றையும் கொட்டவும் கூடாது. குடல் நரம்பும் பாதிக்கப்பட்டிருப்பதால் வயிறு ஊதி, மலம் கழிக்கும் ஒழுங்கே குழம்பிப்போகும். நாளுக்கு 15 கிராம் அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள், தண்ணீரைக் கூட்டுவதென்றால் சிறுநீர் எடுக்கும் குழாயான கதீற்றர் போடும் நேரங்களை வைத்துத் தாதியிடம் கேட்டுவிட்டு.

இன்னொன்று, கொழுப்புக்குப் பயந்து மீனையும் நிறுத்திவிடாதீர்கள். படுக்கைப்புண் ஆற புரதம் வேண்டும். எங்கள் வீட்டில் இப்போது சூடை மீன் குழம்பு, பொரியல் இல்லை. சொதிக்கு இரண்டாம் பால்தான். தண்ணீர் மாதிரி இருக்கிறது என்று அண்ணா இன்னும் முகத்தைச் சுளிக்கிறார், இடியப்பம் மட்டும் மிச்சமில்லாமல் முடிகிறது.