பழைய டிராக்டர்ல ஹெட்லைட் மங்கலா எரியுதா? பல்பு வாங்க ஓடாதீங்க
ஐப்பசி மழையில சேத்துழவு ராத்திரி வரைக்கும் இழுக்கும், அப்பதான் அப்பா காலத்து டிராக்டர்ல லைட்டு மின்மினி மாதிரி எரியும். முக்கால்வாசி கோளாறு எர்த்துலதாங்க, அதாவது கரண்ட் வண்டியோட இரும்பு பாடி வழியா பேட்டரிக்குத் திரும்புற இணைப்புல. பேட்டரி எர்த் முனையிலேருந்து ஒரு ஒயரை எடுத்து நேரா லைட்டோட இரும்பு பாடில தொட்டுப் பாருங்க, பளிச்சுன்னு எரிஞ்சா பல்பு நல்லாதான் இருக்கு. பிராக்கெட் போல்ட்டைக் கழட்டுனா துருவும் பெயிண்டும் அடை அடையா இருக்கும், வெறும் இரும்பு தெரியுற வரைக்கும் எமரி பேப்பர் போட்டுத் தேய்ச்சு, முடுக்குனப்புறம் மேல வாசலின் தடவிடுங்க. ரிஃப்ளெக்டரை மட்டும் சாம்பல் போட்டு வெளக்கிடாதீங்க, நான் வெளக்கி வெள்ளிப்பூச்சு மொத்தமும் கையோட வந்துருச்சு. அப்புறம் 12 வோல்ட்ல 55 வாட் பல்பு ஒண்ணே நாலரை ஆம்பியருக்கு மேல இழுக்கும், ரெண்டுக்கும் சேத்து 9, அதை அந்தப் பழைய சுவிட்ச் வழியா விடாம ரிலே (சின்ன கரண்டை வச்சு பெரிய கரண்டை ஆன் பண்ற சுவிட்ச்) ஒண்ணு வச்சு, பேட்டரி பக்கத்துலயே 15 ஆம்பியர் ஃபியூஸும் போட்டுடுங்க.