ராப் இசை பற்றிய செய்திகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 அக்டோபர் இறுதியில் அமெரிக்க இசை உலகிலிருந்து ஒரு செய்தி பல நாடுகளுக்கும் பரவியது. அமெரிக்காவில் வாரந்தோறும் முன்னணிப் பாடல்களை வரிசைப்படுத்தும் பில்போர்டு ஹாட் 100 பட்டியலின் முதல் 40 இடங்களில் ஒரு ராப் பாடல்கூட இல்லை என்பதும், 1990 பிப்ரவரிக்குப் பிறகு அப்படி நேர்ந்தது அதுவே முதல் முறை என்பதும்தான் அச்செய்தி. தகவலில் பிழை இல்லை. ஆனால் ராப்பின் காலம் முடிந்துவிட்டது என்று அதிலிருந்து முடிவு கட்டியவர்கள், அந்த வாரத்தில் பட்டியலுக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பார்க்கத் தவறினார்கள்.

பட்டியலில் நெடுநாள் தங்கிவிடும் பாடல்களை விரைவாக வெளியேற்றுவதற்காக, பில்போர்டு அப்போதுதான் தன் விதியை இறுக்கியிருந்தது. அதற்கு முந்தைய வாரம் வரை 38-ஆம் இடத்தில் இருந்த 'லூதர்' என்ற பாடல் அந்த விதியினால் நீக்கப்பட்டது. ராப்பர் கெண்ட்ரிக் லமாரும் பாடகி சிஸாவும் பாடிய அந்தப் பாடல் அதே ஆண்டில் 13 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. போதாக்குறைக்கு, டெய்லர் ஸ்விஃப்ட்டின் புதிய ஆல்பம் வெளிவந்த சமயம் என்பதால் அவருடைய பாடல்கள் மேல் இடங்களை அடைத்துக்கொண்டிருந்தன. ராப்பின் பிடி தளர்ந்திருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. 2023-இல் செப்டம்பர் வரை ஒரு ராப் பாடலும் ஹாட் 100-இல் முதலிடம் பிடிக்கவில்லை. ஆனால் தளர்ச்சி வேறு, மரணம் வேறு. அந்த அக்டோபர் பட்டியல் மரணத்துக்குச் சான்றாகாது.

அளவுகோல் மாறியதை இசையே மாறியதாக எழுதும் இந்தத் தவறு புதிதன்று. 1991 மே வரை பில்போர்டின் ஆல்பம் பட்டியல், இசைத்தட்டுக் கடைக்காரர்கள் எவை நன்றாக விற்கின்றன என்று தெரிவித்த தகவலை வைத்தே தயாரிக்கப்பட்டது. கல்லாவில் பட்டைக்குறியை வருடிக் கணக்கெடுக்கும் சவுண்ட்ஸ்கேன் முறை வந்த சில வாரங்களிலேயே, லாஸ் ஏஞ்சலிஸ் அருகே உள்ள காம்ப்டனைச் சேர்ந்த என்.டபிள்யூ.ஏ. குழுவின் ஆல்பம் முதலிடத்துக்கு வந்தது. கடைக்காரர்களின் மதிப்பீட்டில் முன்பு சரியாகப் பதிவாகாத ராப் கேட்பவர்கள் திடீரென்று எண்ணிக்கைக்குள் வந்தார்கள். ராப் ஒரே மாதத்தில் வெடித்துக் கிளம்பிவிடவில்லை.

இணையம் வழியே பாடல் கேட்கும் ஸ்ட்ரீமிங் காலத்தில் கதை எதிர்த்திசையில் நடந்தது. 2014 டிசம்பர் முதல் ஓர் ஆல்பத்தின் பாடல்கள் மொத்தம் 1,500 முறை கேட்கப்பட்டால் அது ஓர் ஆல்பம் விற்றதற்குச் சமமாக எண்ணப்பட்டது. ஆல்பத்தில் பாடல்களைக் கூட்டிக்கொண்டே போனால் கணக்கும் கூடும் என்பது தெரிந்ததும் ஆல்பங்கள் நீண்டன. 2018-இல் 25 பாடல்களோடு வந்த ராப்பர் டிரேக்கின் ஆல்பத்திலிருந்து 7 பாடல்கள் ஒரே வாரத்தில் ஹாட் 100-இன் முதல் பத்துக்குள் நுழைந்தன. 2017-இல் ராப் அமெரிக்காவின் மிகப் பெரிய இசை வகையாகிவிட்டது என்று வந்த செய்தியையும் இதே எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். இசை விற்பனையைக் கணக்கெடுத்த நீல்சன் நிறுவனத்தின் அந்தக் கணக்கில், ஆர் அண்டு பி என்ற வேறொரு இசைப் பாணியும் ராப்பை உள்ளடக்கிய ஹிப் ஹாப்பும் ஒரே வகையாகச் சேர்க்கப்பட்டிருந்தன என்ற விவரம் செய்தி கைமாறும்போதே உதிர்ந்துபோனது. ஆங்கிலச் செய்திகளிலிருந்து எடுத்துத் தமிழில் எழுதும்போது இத்தகைய உதிர்வு இன்னும் எளிதாக நேர்கிறது.

எண்ணிக்கையில் வரும் தவறு மிஞ்சிப்போனால் வணிகக் கணிப்பைக் கெடுக்கும். பாடல் வரியைப் பாடகரின் ஒப்புதல் வாக்குமூலமாகப் படிக்கும் தவறு ஆளையே சிறைக்கு அனுப்பியிருக்கிறது.

மேக் என்ற பெயரில் பாடிய மெக்கின்லி ஃபிப்ஸ், லூசியானாவில் 2000-இல் ஒரு கேளிக்கை விடுதியில் நடந்த துப்பாக்கிச் சூட்டு வழக்கில் கைதானார். வேறொருவர் தானே சுட்டதாக ஒப்புக்கொண்டிருந்த நிலையிலும், மறு ஆண்டில் அவருக்கு 30 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. விசாரணையில் அரசுத் தரப்பு அவருடைய இரு வேறு பாடல்களின் வரிகளை ஒட்டவைத்து, அவை அவருடைய மனப்போக்கைக் காட்டுவதாக நடுவர்களிடம் வாதிட்டது. அவர் வெளியே வர 2021 ஆயிற்று. ஜார்ஜியாவில் ராப்பர் யங் தக் மீது நடந்த வழக்கிலும் பாடல் வரிகளைச் சான்றாக முன்வைக்க 2023 நவம்பரில் நீதிபதி அனுமதித்தார். அவர் மீதான வழக்கு, 2024 அக்டோபரில் அவர் சில குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டதோடு முடிந்தது. கலைப் படைப்புகளை இப்படிச் சான்றாக்குவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் கலிஃபோர்னியாவில் 2022-இல் கையெழுத்தானது.

வன்முறை வரிகளைக் கண்டு கேட்பவர் அஞ்சுவது இயல்புதானே என்று ஒருவர் கேட்கலாம். அந்த அச்சம் வரியிலிருந்து வருகிறதா, ராப் என்ற பெயரிலிருந்து வருகிறதா என்பதைச் சமூக உளவியலாளர் கேரி ஃப்ரீட் சோதித்துப் பார்த்தார். காவலரைச் சுட்டுக் கொன்றவனைப் பற்றி கிங்ஸ்டன் ட்ரியோ என்ற வெள்ளையர் குழு 1960-இல் பாடிய நாட்டுப்புறப் பாணிப் பாடலின் வரிகளை எடுத்து, சிலரிடம் அது கன்ட்ரி பாடல் என்றும் சிலரிடம் ராப் பாடல் என்றும் சொல்லிக் கொடுத்தார். ஓர் எழுத்துகூட மாறாத அதே வரிகள், ராப் என்று சொல்லப்பட்டபோது அதிக ஆபத்தானவையாகவும் எச்சரிக்கை முத்திரை தேவைப்படுபவையாகவும் மதிப்பிடப்பட்டன. 1996-இல் வெளியான அந்த ஆய்வை அடியொற்றி இருபது ஆண்டுகளுக்குப் பிறகு வேறு ஆய்வாளர்கள் செய்த சோதனையிலும் முடிவு பெரிதும் மாறவில்லை. ஊடகம் ராப் பற்றி எழுதும் எந்தக் கட்டுரைக்கும் முன்னால் இந்த ஆய்வை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது என்பது என் எண்ணம்.

இதே பெயர்க் குழப்பத்துக்கு 1992-இல் நாடறிந்த எடுத்துக்காட்டு ஒன்று கிடைத்தது. ஐஸ்-டி தம் பாடி கவுன்ட் குழுவோடு பாடிய 'காப் கில்லர்' பாடலைக் காவலர் சங்கங்களும் துணை அதிபர் டான் குவேலும் கண்டித்தார்கள். ஜூலையில் அந்தப் பாடலை ஆல்பத்திலிருந்து அவரே விலக்கிக்கொண்டார். செய்திகள் பலவற்றில் அது ராப் பாடலாகவே குறிப்பிடப்பட்டது. பாடி கவுன்ட் ஒரு ஹெவி மெட்டல் குழு. அந்தப் பாடல் முழுக்க மின்கிட்டார் இரைச்சல். பாடியவர் கறுப்பர், அதுவும் ராப்பராகப் பெயர் பெற்றவர் என்பதே எழுதியவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

1990-களில் நியூயார்க் ராப்பர்களும் கலிஃபோர்னியா ராப்பர்களும் மோதிக்கொண்டதாகச் சொல்லும் கிழக்குக் கரை, மேற்குக் கரைப் போர் என்ற சட்டகத்தையும் சற்றே சந்தேகத்தோடு அணுக வேண்டும். மேற்குக் கரையின் முகமாகக் காட்டப்பட்ட டுபாக் ஷகூர் பிறந்தது நியூயார்க்கில். இரு தரப்புக்கும் பகை இருந்தது உண்மைதான், அதை இதழ்கள் அட்டைப்படம் போட்டு வளர்த்ததும் உண்மைதான். ஆனால் 1996 செப்டம்பரில் லாஸ் வேகஸில் அவர் சுடப்பட்டதற்குக் காரணம், அன்றிரவு ஒரு சூதாட்ட விடுதியில் இரு கும்பல்களுக்கு இடையே நடந்த கைகலப்புதான் என்பது 2023-இல் ஒருவரைக் கைதுசெய்த அரசுத் தரப்பின் வாதம். கைகலந்த இரு கும்பல்களுமே கலிஃபோர்னியாவைச் சேர்ந்தவை.

அடுத்தது ஏக்கத்தில் விளையும் தவறு: அந்தக் காலத்து ராப் சமூகத்தைப் பேசியது, இப்போது பணத்தையும் காரையும் மட்டுமே பேசுகிறது என்பது. 1979-இல் ராப்பை வானொலிக்குக் கொண்டுசென்ற ஷுகர்ஹில் கேங்கின் முதல் பாடல் தற்பெருமையும் வேடிக்கையும் கலந்த விருந்துப் பாட்டு. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியின் வறுமையைச் சொன்ன 'தி மெசேஜ்' 1982-இல் வந்தபோது, அதைப் பதிவுசெய்ய கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷின் குழுவினரே தயங்கினார்கள். கொண்டாட வருபவர்கள் இதை எதற்குக் கேட்பார்கள் என்பது அவர்கள் கவலை. 1990-இல் ஃபுளோரிடா நீதிமன்றம் ஒன்று ஆபாசம் என்று அறிவித்த, டூ லைவ் க்ரூ என்ற ராப் குழுவின் ஆல்பமும், பொற்காலம் என்று இன்று நினைவுகூரப்படும் அதே ஆண்டுகளில் வந்ததுதான். மறுபுறம், செவ்வியல் இசைக்கும் ஜாஸுக்கும் வெளியே முதல் முறையாக ஒரு புலிட்சர் இசைப் பரிசு ராப்பரான கெண்ட்ரிக் லமாருக்குக் கிடைத்தது இந்தக் காலத்தில், 2018-இல்.

வெகுஜன ராப் ஒரே மாதிரி ஒலிக்கிறது என்ற குறையில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்தப் பழியைப் பாடுபவர்களின் தலையில் மட்டும் கட்டுவதுதான் தவறு. 1996-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்துக்கு முன்பு ஒரு நிறுவனம் அமெரிக்கா முழுவதும் 40 வானொலி நிலையங்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அந்த வரம்பு நீக்கப்பட்ட சில ஆண்டுகளில் கிளியர் சேனல் நிறுவனத்திடம் 1,200-க்கு மேற்பட்ட நிலையங்கள் சேர்ந்தன. உள்ளூர் அறிவிப்பாளர் தம் ஊர்ப் பையனின் பாடலைத் தாமே தேர்ந்து போடும் வழக்கம் சுருங்கி, எங்கோ இருந்து வரும் பட்டியலை ஒலிபரப்பும் வழக்கம் பரவியது. பாடல்களை ஒலிபரப்ப வைக்க நிலையங்களுக்கு மறைமுகமாகக் கொடுத்த சன்மானங்கள் தொடர்பாக நியூயார்க் மாநில அரசு விசாரித்தபோது, சோனி பிஎம்ஜி 2005-இல் 1 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. மக்கள் கேட்பதைத்தான் கொடுக்கிறோம் என்று தொழில்துறையினர் சொல்வதை அப்படியே மேற்கோள் காட்டி முடிக்கும் கட்டுரைகள் இந்த வரலாற்றைக் கணக்கில் எடுப்பதில்லை.

ஹிப் ஹாப் என்றாலே ராப் என்று கொள்வதும் பரவலான பிழை. டிஜேக்களின் கலையும் பிரேக் நடனமும் சுவரோவியமும் அதில் அடக்கம், வரிசையில் டிஜேயே முன்னால் வந்தவர். ராப்பில் பெண்கள் வெற்றி பெறும்போதெல்லாம் அதைப் புதுவரவாக அறிவிப்பதும் அப்படித்தான். பதினான்கே வயதில் ராக்சேன் ஷாண்டே தம் முதல் பாடலால் நியூயார்க்கைப் பேசவைத்தது 1984-இல். அதற்கும் முன்னால், 1973 ஆகஸ்ட் 11 அன்று பிராங்க்ஸின் செட்ஜ்விக் அவென்யூவில் டிஜே கூல் ஹெர்க் இசைத்த, ஹிப் ஹாப்பின் பிறந்தநாளாக இன்று கொண்டாடப்படும் விருந்தை ஏற்பாடு செய்தவர் அவருடைய தங்கை சிண்டி கேம்பெல். ஷுகர்ஹில் கேங்கைச் சேர்த்துப் பதிவுசெய்ததும், தயங்கிய குழுவினரை வற்புறுத்தி 'தி மெசேஜ்' பாடலை வெளியே கொண்டுவந்ததும் நியூ ஜெர்சியில் தம் கணவருடன் ஷுகர் ஹில் நிறுவனத்தை நடத்திய சில்வியா ராபின்சன்.