வளவைத் தாண்டி வைஃபை வரவில்லையா? வீட்டு நெட்டை நீங்களே சரிபார்க்கும் முறை

செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் எங்கள் அப்பத்தா வீட்டில் ரூட்டர் முகப்பில் இருந்தது, அடுப்படியோ நடு முற்றமான வளவைத் தாண்டிப் பின்கட்டில். சாயங்காலம் சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா வீடியோ கால் போட்டால், முழங்கால் வலியோடு அப்பத்தா வீடு முழுக்க நடந்து முகப்புக்கு வருவார். "நெட்டு சரியில்லப்பா" என்பார். லைன்காரர் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிப் போனார். அவர் சொன்னது உண்மைதான். லைனில் கோளாறே இல்லை, சுவரில்தான் இருந்தது.

வெளியிலிருந்து வரும் லைன் ஒன்று, வீட்டுக்குள் அலையும் வைஃபை இன்னொன்று. நெட் சரியில்லை என்றால் இரண்டில் எது கெட்டது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். அது தெரியாமல் புது ரூட்டர் வாங்காதீர்கள்.

முதலில் விளக்குகள்

ஃபைபர் பாக்ஸில் பான் (PON), லாஸ் (LOS) என்று இரண்டு விளக்குகள் இருக்கும். பான் பச்சையாக நிலையாக எரிந்தால் லைன் உங்கள் வீடு வரை வந்துவிட்டது. அது விட்டுவிட்டு மினுக்கினால் பாக்ஸ் இன்னும் இணைய முயன்றுகொண்டிருக்கிறது. லாஸ் சிவப்பாக எரிந்தால் ஃபைபரில் ஒளி வரவில்லை, ரூட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. பாக்ஸுக்குள் போகும் மெல்லிய ஃபைபர் வயர் எங்காவது மடங்கியிருக்கிறதா, பீரோ அதை நசுக்குகிறதா என்று மட்டும் பாருங்கள். சுருட்டி வைப்பதாக இருந்தால் வட்டம் ஒரு வளையலைவிடச் சிறிதாகக் கூடாது. அந்த வயரைக் கழற்றி நுனியைக் கண்ணருகே வைத்துப் பார்க்கவே வேண்டாம். உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி.

ஒரு முறை ரீஸ்டார்ட்

பாக்ஸ், ரூட்டர் இரண்டையும் அணைத்து அரை நிமிடம் விடுங்கள். பாக்ஸை முதலில் போட்டு, பான் நிலையான பிறகு ரூட்டரைப் போடுங்கள். பின்பக்கம் ஊசித்துளைக்குள் இருக்கும் ரீசெட்டைத் தொடாதீர்கள். லைன்காரர் போட்டுக்கொடுத்த யூசர்நேமும் பாஸ்வேர்டும் அழிந்துவிட்டால், அவர் மறுபடி வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

பிங் சோதனை

ஒரு முகவரிக்குச் சின்னச் செய்தி அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்ப்பதுதான் பிங். லேப்டாப்பை லேன் கேபிளால் ரூட்டரில் செருகுங்கள். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, ஆங்கில எழுத்தில் பிங் என்று அடித்து, இடைவெளி விட்டு கூகுளின் முகவரியான 8.8.8.8, மறுபடி இடைவெளி விட்டு -டி என்று அடியுங்கள் (ping 8.8.8.8 -t). பத்து நிமிடம் ஓடட்டும். கன்ட்ரோலும் சியும் சேர்த்து அழுத்தினால் நிற்கும். அடுத்து, வைஃபையில் இருந்துகொண்டு ரூட்டரின் முகவரிக்கே பிங் போடுங்கள். பெரும்பாலும் 192.168.1.1, ரூட்டரின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும்.

கேபிளில் போட்ட 8.8.8.8 பிங்கிலேயே நடுநடுவே 'டைம்டு அவுட்' வந்தால் லைன் பக்கம் கோளாறு. கேபிளில் சீராக ஓடி, வைஃபையில் ரூட்டருக்குப் போடும் பிங்கே தடுமாறினால் வீட்டுக்குள் கோளாறு. இரண்டும் நன்றாக இருந்தும் எந்தத் தளமும் திறக்கவில்லையா? அப்படியானால் தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில் கோளாறு இருக்கலாம், ரூட்டர் செட்டிங்கில் 8.8.8.8 அல்லது 1.1.1.1 கொடுத்துப் பாருங்கள். லேப்டாப் இல்லாதவர்கள் ரூட்டர் அருகே நின்று மொபைலில் ஸ்பீடு டெஸ்ட் எடுத்து, பிறகு கட்டுக்குக் கட்டு நடந்து எடுத்து ஒப்பிடலாம்.

நம் வீட்டுச் சுவர்கள்

செங்கல்லும் சுண்ணாம்புமாக எழுப்பிய கனத்த சுவர் வைஃபையை விழுங்கிவிடும். ஆளுயர ரசம் பூசிய கண்ணாடியும் இரும்பு பீரோவும் அலையைத் திருப்பி அடிக்கும். வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில் 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரில் சீக்கிரம் செத்துவிடும். 2.4 வேகம் குறைவு, கொஞ்சம் ஊடுருவும். மூன்று சுவர் தாண்ட வேண்டுமென்றால் இரண்டையும் நம்ப முடியாது.

நமக்கு உதவுவது வளவு. சுற்றியுள்ள அறைகளின் கதவுகள் எல்லாம் அதைப் பார்த்துத்தான் திறக்கின்றன. அதனால் ரூட்டரை முகப்பிலிருந்து எடுத்து, மழைச் சாரல் படாத வளவுத் தூண் ஓரமாக ஆளுயரத்தில் வையுங்கள். பல வீடுகளுக்கு இதுவே போதும்.

இரண்டாம் கட்டுக்கு எட்டவில்லை என்றால் கேட்-6 (Cat 6) லேன் கேபிள் இழுப்பதுதான் என் அபிப்பிராயம். வைஃபையை வாங்கி மறுபடி பரப்பும் ரிப்பீட்டர் மலிவுதான், ஆனால் ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே அனுப்புவதால் வேகம் பாதியாகிவிடும். கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும், தெருவிலிருந்து பின்தெரு வரை நீளும் வீட்டுக்கும் எட்டும். சுண்ணாம்புப் பூச்சைத் துளைக்க வேண்டாம், அது போனால் அதே பளபளப்பு திரும்ப வராது. மர உத்திரத்தை ஒட்டியே கேபிளைக் கொண்டுபோகலாம். மறுமுனையில் பழைய ரூட்டர் ஒன்றை வைத்து, அதற்கு 192.168.1.2 என்ற முகவரி கொடுத்து, முகவரி பங்கிடும் டிஹெச்சிபியை அணைத்து, கேபிளை வேன் (WAN) துளையில் இல்லாமல் லேன் துளையில் செருகுங்கள். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் முதல் ரூட்டரில் உள்ளதே இருக்கட்டும். அப்பத்தா வீட்டில் இப்படித்தான் செய்தோம். இப்போது பணியாரம் ஊற்றிக்கொண்டே சித்தப்பாவோடு பேசுகிறார்.

காரைக்குடியில் அடுக்குமாடியில் இருப்பவர்கள், பக்கத்து வீட்டு வைஃபையோடு மோதாமலிருக்க, 2.4-இல் சேனல் 1, 6, 11 மூன்றில் நெரிசல் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள்.

ரூட்டர் தானாக அணைந்து எழுந்தால் அடாப்டரைச் சந்தேகியுங்கள். மாற்றும்போது வோல்ட் அதேயாக இருக்க வேண்டும், ஆம்பியர் குறையக் கூடாது. கரண்ட் அடிக்கடி போகும் ஊரில் 12 வோல்ட் மினி யூபிஎஸ் நல்ல செலவு.

லைன் கோளாறுதான் என்று தெரிந்தால்

எந்த நாள், எத்தனை மணிக்கு அறுந்தது, அப்போது லாஸ் சிவப்பாக இருந்ததா என்று ஒரு தாளில் குறியுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். லைன்காரர் வந்தால் ஒளியின் அளவை மீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். மைனஸ் 20 டிபிஎம் அளவில் இருந்தால் நல்லது, மைனஸ் 27-ஐ நெருங்கினால் எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது அல்லது வயர் மடங்கியிருக்கிறது. அவர் கிளம்பும் முன்பே பிங்கை மறுபடி பத்து நிமிடம் ஓடவிட்டு, அவரையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள்.