பத்மோஸ் தீவு: ஏறும்போது பஸ், இறங்கும்போது நடை

தமிழ் பைபிளில் 'பத்மு' என்று வரும் தீவுதான் இது. இயேசுவின் சீடர் யோவான் இங்கே நாடுகடத்தப்பட்டிருந்தபோதுதான், பைபிளின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷத்தின் காட்சிகளைக் கண்டார் என்பது கிறிஸ்தவ நம்பிக்கை. கிரீஸின் கிழக்கு ஓரத்தில், சுமார் 34 சதுர கிலோமீட்டர்தான் மொத்தத் தீவும். பார்க்க வேண்டியவை நான்கு: துறைமுக ஊரான ஸ்காலா, மலைமேல் இருக்கும் பழைய ஊர் ஹோரா, அங்குள்ள புனித யோவான் மடாலயம், ஸ்காலாவுக்கும் ஹோராவுக்கும் நடுவழியில் யோவான் அந்தக் காட்சிகளைக் கண்டதாகச் சொல்லும் குகை. எதை முதலில் பார்ப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

1. போய்ச் சேருங்கள்

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். தீவில் விமான நிலையம் கிடையாது. ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்திலிருந்து கப்பலில் வருவது நேர்வழி. ஏழெட்டு மணி நேரம் ஆகும். சாமோஸ் அல்லது கோஸ் தீவுக்கு விமானத்தில் வந்து, அங்கிருந்து கப்பல் பிடிக்கவும் செய்யலாம். அகால வேளையில் இறக்கிவிடும் கப்பல்களும் உண்டு. அதனால் ஸ்காலாவிலேயே அறை எடுத்து, வரும் நேரத்தை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

2. முந்தின இரவே விசாரியுங்கள்

மடாலயமும் குகையும் காலையில் திறந்து மதியம் மூடிவிடும். மாலையில் திறப்பது சில நாட்களில் மட்டும்தான். எனவே நாளைய நேரம் என்ன, சொகுசுக் கப்பல் ஏதும் வருகிறதா என்று விடுதியில் கேளுங்கள். கப்பல் கூட்டம் வந்துவிட்டால் குகைக்குள் நிற்க இடமிருக்காது. தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம்.

3. முதல் பஸ்ஸில் ஹோராவுக்கு

ஸ்காலா துறைமுகத்தின் அருகிலேயே பஸ் கிடைக்கும். இறங்கியதும் சந்துகளில் மயங்காமல் மடாலயத்துக்கு ஏறிவிடுங்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் மடமா கோட்டையா என்று சந்தேகம் வரும். 1088இல் பைசாந்தியப் பேரரசர் முதலாம் அலெக்சியோஸ், கிறிஸ்தோதுலோஸ் என்ற துறவிக்குத் தீவையே எழுதிக்கொடுத்தார். அவர் இந்த மடத்தைக் கட்டத் தொடங்கியது கடற்கொள்ளையர் பயம் இருந்த காலம். நுழையும்போது தலையைத் தூக்கிப் பாருங்கள்: வாசலுக்கு நேர் மேலே, வருபவர்கள் தலையில் கொதிக்கும் எண்ணெயை ஊற்றுவதற்கென்றே ஒரு திறப்பு!

அருங்காட்சியகத்துக்குத் தனிக் கட்டணம். யோசிக்காமல் கொடுங்கள். ஊதாச் சாயம் ஏற்றிய தோலில் வெள்ளி மையால் எழுதிய, 6ஆம் நூற்றாண்டு மாற்கு நற்செய்தியின் ஏடுகள் இந்த மடத்தின் சொத்து. அதே சுவடியின் பெரும்பகுதி ரஷ்யாவில் இருக்கிறது. கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோவின் நூல்களை 895இல் படியெடுத்த சுவடி ஒன்றும் இங்கே இருந்தது; 1801இல் ஓர் ஆங்கிலேயர் வாங்கிப் போக, இப்போது அது ஆக்ஸ்ஃபோர்டில். இருந்திருந்தால் அதையும் பார்த்திருக்கலாம், என்ன செய்வது!

4. குகைக்கு நடந்து இறங்குங்கள்

கல் பாவிய பழைய பாதை ஸ்காலா வரை போகிறது. கற்கள் வழுவழுப்பானவை, பிடிமானமுள்ள ஷூ போடுங்கள். மழை பெய்திருந்தால் பஸ்ஸே மேல். அது குகை அருகிலும் நிற்கும்.

குகை சின்னது, ஒரு தேவாலயத்தோடு ஒட்டியது. பாறைக் கூரையில் மூன்றாகப் பிரியும் ஒரு வெடிப்பு: கடவுளின் குரல் அதன் வழியாக வந்தது என்பார்கள். யோவான் தலை வைத்துப் படுத்ததாகச் சொல்லும் குழிக்கு வெள்ளி விளிம்பு கட்டியிருக்கிறார்கள். உள்ளே போட்டோ எடுக்கக் கூடாது. நம்பிக்கை இல்லாதவர்களும் ஐந்து நிமிடமாவது உட்கார்ந்துவிட்டு வரலாம்.

5. மாலையில் மறுபடி ஹோரா

ஸ்காலாவில் சாப்பிட்டு, வெயில் தாழ்ந்ததும் மறுபடி பஸ் ஏறுங்கள். 1453இல் கான்ஸ்டான்டிநோபிள் துருக்கியரிடம் வீழ்ந்தபின் அங்கிருந்து தப்பி வந்தவர்களும், 1669இல் கிரீட் தீவும் அவர்கள் கைக்குப் போனபின் அங்கிருந்து வந்தவர்களும் குடியேறி வளர்ந்த ஊர் இது. வெள்ளைச் சுவர்கள், வளைவுகள், ஆள் உயரக் கதவுகள். மேப்பைப் பையில் போட்டுவிடுங்கள். எந்தச் சந்தும் அதிக தூரம் போகாது. ஊர் ஓரத்தில் மூன்று காற்றாலைகள் நிற்கின்றன, கடலைப் பார்க்க அதுதான் நல்ல இடம். கடைசி பஸ் எப்போது என்று மட்டும் இறங்கும்போதே ஓட்டுநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.