வேலையை விடாமல் நாவல் எழுதி நாமே வெளியிட: விட்ட இடத்தைத் தேடாதிருக்கும் வழிகள்

வேலைக்குப் போய்க்கொண்டே நாவல் எழுதுகிறவர்களுக்கு நேரம் போதாது என்று எல்லோரும் சொல்வார்கள். நான் அதைப் பாதிதான் ஒத்துக்கொள்வேன். கிடைக்கிற கொஞ்ச நேரமும் எழுதுவதில் போவதில்லை, விட்ட இடத்தைத் தேடுவதில் போகிறது. நேற்று எந்தக் காட்சியில் நிறுத்தினோம், அந்த வக்கீலுக்கு என்ன பெயர் வைத்தோம், போன தடவை அட்டைப்படம் ஏற்றும்போது என்ன அளவு கேட்டார்கள் என்று ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து துழாவினால், உட்கார்ந்த ஒரு மணி நேரத்தில் பாதி போய்விடும். முழுநேர எழுத்தாளரிடம் நாள் முழுக்க இருக்கிறது, அவர் தாங்குவார். நம்மால் தாங்க முடியாது. கீழே நான் சொல்லும் பெரும்பாலான வழிகள் இந்தத் துழாவலைக் குறைப்பதற்குத்தான்.

நான் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். துப்பறியும் நாவல் தொடர் ஒன்றை எழுதி நானே வெளியிடுகிறேன். அதன் நாயகி ஒரு நில அளவையாளர். எல்லைக்கல் தகராறு என்று அவளிடம் வருவது கொலையில் போய் நிற்கும்.

எழுதத் தொடங்குமுன் ஒரு மாலை ஒதுக்கி உங்கள் வேலை ஒப்பந்தத்தைப் படித்துவிடுங்கள். வெளியில் வருமானம் ஈட்ட அனுமதி வாங்க வேண்டுமா, பணிக்காலத்தில் நீங்கள் உருவாக்குவது யாருக்குச் சொந்தம் என்ற இரண்டு பிரிவுகளும் முக்கியம். அனுமதி தேவை என்றால் எழுத்தில் வாங்குங்கள். அலுவலக மடிக்கணினியில் ஒரு வரிகூட எழுத வேண்டாம், அலுவலக மின்னஞ்சலில் கோப்பை அனுப்பி வைக்கவும் வேண்டாம். புனைபெயர் வேண்டுமானால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். நம் புத்தகத்தை நாமே ஏற்றி விற்க அமேசான் நடத்தும் கேடிபி தளம் அதை அனுமதிக்கிறது. வங்கி, வரி விவரங்கள் மட்டும் சொந்தப் பெயரில் இருக்க வேண்டும்.

எழுதும் நேரமும் கடைசி ஐந்து நிமிடமும்

19ஆம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி டிரொலப் 1834 முதல் 1867 வரை தபால் துறையில் வேலை பார்த்தவர். விடியற்காலை 5.30 மணிக்கு மேசையில் உட்கார்ந்துவிடுவார். கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொற்கள் எழுதுவார். இதைப் பலரும் எடுத்துச் சொல்வதுண்டு. ஆனால் எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு: தினமும் முதல் அரை மணி நேரத்தை அவர் முந்தின நாள் எழுதியதைப் படிப்பதற்கே கொடுத்தார். மூன்று மணி நேரம் கையில் இருந்தவருக்கு அது கட்டுப்படியாகும். ஒரு மணி நேரமே இருக்கிறவருக்கு அந்த அரை மணியை எப்படியாவது மிச்சப்படுத்தியாக வேண்டும்.

நான் செய்வது இதுதான். எழுதி முடிக்கும்போது கடைசி ஐந்து நிமிடம் கதையை எழுதுவதில்லை. அடுத்த நாளுக்கான குறிப்பை எழுதுகிறேன். கணக்குப் புத்தகத்தில் நேற்றைய முடிவிருப்பு இன்றைய தொடக்க இருப்பாக வருவதுபோல, நேற்றைய குறிப்பிலிருந்துதான் இன்றைய பக்கம் தொடங்கும். குறிப்பு இப்படி இருக்கும்: “மாலா பத்திரத்தை மடித்து வைத்துவிட்டாள். தேதி தப்பு என்று அவளுக்குத் தெரியும், அண்ணனுக்குத் தெரியாது. அடுத்து அண்ணன் வாசலில் வந்து நிற்கிறான், கையில் அளவுச் சங்கிலி. சண்டை வேண்டாம். தண்ணீர் கேட்கட்டும்.” அவ்வளவுதான். யாருக்கு என்ன தெரியும், அடுத்து உடம்பால் என்ன செய்கிறார்கள், எதை எழுதக் கூடாது என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். ‘அத்தியாயம் 9 தொடரவும்’ என்று எழுதி வைத்தால் அது குறிப்பே இல்லை.

காலையா இரவா என்பது அவரவர் வேலையைப் பொறுத்தது. என் வேலையில் சாயங்காலத்துக்குள் மூளை எண்களால் நிரம்பிவிடும், அதனால் காலைதான். நாள் முழுக்கப் பேசுகிற வேலையில் இருப்பவர்களுக்கு இரவின் அமைதி பொருந்தலாம். எதுவானாலும் ஒரே நேரமாக இருக்கட்டும். இன்றைக்கு எப்போது எழுதுவது என்று யோசிப்பதும் ஒரு செலவுதான்.

அளவைச் சின்னதாக வையுங்கள். ஒரு நாளைக்கு 300 சொற்கள், வாரம் 5 நாள் என்றால் 1,500. வருடத்தில் 40 வாரம் எழுதினால் 60,000 சொற்கள், ஒரு முழு நாவல். மீதி 12 வாரம் உடம்பு சரியில்லாத நாட்களுக்கு, வீட்டு விசேஷங்களுக்கு, வேலையில் நெருக்கடி வரும் காலத்துக்கு. அந்த 12 வாரத்தைத் திட்டத்திலேயே சேர்ப்பது அவசியம். எனக்கு மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் நாட்கள் அப்படிப்பட்டவை. அப்போது புதிதாக எதுவும் எழுத மாட்டேன். அச்செடுத்து வைத்த பழைய பக்கங்களைப் பேனாவோடு படிப்பேன், அல்லது குறிப்பை மட்டும் ஒருமுறை பார்த்துவிட்டுத் தூங்கிவிடுவேன். கதை கையை விட்டுப் போகாமல் இருக்க அதுவே போதும். உங்கள் வேலையிலும் இப்படி ஒரு சுழற்சி இருக்கும்: தேர்வு மாதம், இரவுப் பணி வாரம், தணிக்கைக் காலம். அதை நாட்காட்டியில் முதலில் குறித்துவிட்டு, மிச்சத்தில் நாவலை வையுங்கள்.

தொடர் எழுதுங்கள்

தனி நாவல்கள் எழுதுவதில் எனக்கு எந்த விரோதமும் இல்லை. ஆனால் வேலைக்குப் போகிறவர் சுயவெளியீட்டில் காலூன்றத் தொடர்தான் நல்லது என்று உறுதியாக நம்புகிறேன். புது உலகத்தைக் கட்ட ஆகும் மாதங்கள் இரண்டாவது புத்தகத்தில் மிச்சமாகின்றன. நாயகியின் குரல் ஏற்கெனவே காதில் இருக்கிறது. வாசகருக்கும் அதே வசதி. முதல் புத்தகம் பிடித்தவர் அடுத்ததைத் தானே தேடுவார், அவரிடம் நீங்கள் மறுபடி அறிமுகம் செய்துகொள்ள வேண்டியதில்லை.

இதற்கு ஒரு பதிவேடு வேண்டும். நான் சாதாரண நோட்டுப் புத்தகத்தில் வைத்திருக்கிறேன். ஒரு பாத்திரத்துக்கு ஒரு பக்கம். வயது, உடம்பு, பேச்சு வழக்கம், யாரை எப்படிக் கூப்பிடுவார் என்பதெல்லாம் அதில் இருக்கும். என் நாயகிக்கு இடது காது சரியாகக் கேட்காது. அதனால் எந்த அறையில் உட்கார்ந்தாலும் பேசுகிறவரை வலப்பக்கம் வைத்துக்கொள்வாள். முதல் புத்தகத்தில் ஒரு வரியில் வந்த இந்த விஷயம் மூன்றாம் புத்தகத்தில் ஒரு சாட்சியத்தையே மாற்றியது. பதிவேட்டில் இருந்ததால்தான் அது என் கண்ணில் பட்டது. துப்பறியும் கதை என்றால் இன்னொரு பட்டியலும் வேண்டும்: எந்தத் தகவல் யாருக்கு எந்த அத்தியாயத்தில் தெரிய வருகிறது. காதல் கதையானால் யார் யாரிடம் எதை மறைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். எழுதும் நேரத்தில் பதிவேட்டை நிரப்பாதீர்கள். பயணத்திலோ மதிய இடைவேளையிலோ செய்யலாம்.

திருத்தம்

முதல் வரைவை முடித்ததும் குறைந்தது சில வாரங்கள் தொடாமல் வையுங்கள். அந்த இடைவெளியில் அடுத்த நாவலுக்கான குறிப்புகளைத் தொடங்கலாம்.

அப்புறம் முதல் வாசகர்கள். உங்களைப் பிடித்தவர்களைவிட உங்கள் கதைவகையைப் பிடித்தவர்கள் பயன்படுவார்கள். கூடவே கதையில் வரும் தொழிலைத் தெரிந்த ஒருவர். அமெரிக்க எழுத்தாளர் ஆண்டி வீர் மென்பொருள் வேலையில் இருந்தபோது ‘தி மார்ஷியன்’ என்ற அறிவியல் புனைகதை நாவலை அத்தியாயம் அத்தியாயமாகத் தன் இணையதளத்தில் இலவசமாகப் போட்டார். அறிவியல் தெரிந்த வாசகர்கள் தவறுகளைச் சுட்டிக்காட்ட, திருத்திக்கொண்டே போனார். பிறகு 2011இல் அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் தானே வெளியிட்டார். என் கைப்பிரதியை நிலம் அளக்கத் தெரிந்த ஒருவர் படிக்காமல் நான் வெளியிடுவதில்லை. எங்கே அலுத்தது, எதை நம்ப முடியவில்லை, யாரைக் குழப்பிக்கொண்டீர்கள் என்ற மூன்று கேள்விகளை மட்டும் கொடுங்கள். ‘எப்படி இருந்தது’ என்று கேட்டால் ‘நன்றாக இருந்தது’ என்றுதான் பதில் வரும்.

கையில் இருக்கும் பணம் ஒரே ஒரு செலவுக்குத்தான் என்றால் பிழை திருத்துபவருக்குக் கொடுங்கள் என்பேன். அட்டையைப் பார்த்துத்தான் வாங்குவார்கள் என்று பலர் மறுப்பார்கள், அதில் உண்மை இருக்கிறது. ஆனால் நாம் தொடர் எழுதுகிறோம். முதல் புத்தகத்தில் ஒற்றுப்பிழைகளில் இடறி விழுந்த வாசகர் இரண்டாவதுக்கு வர மாட்டார். எளிய அட்டையைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம்.

வெளியிடும் வாரம்

இங்கேதான் தேடல் மறுபடி தலைதூக்கும். வருடத்துக்கு ஒருமுறை செய்கிற வேலை, அதனால் ஒவ்வொரு தடவையும் மறந்திருக்கும். முதல் முறை செய்யும்போதே ஒவ்வொரு படியையும் ஒரு சரிபார்ப்புப் பட்டியலாக எழுதி வையுங்கள். என் பட்டியலில் உள்ள சில: உள்ளடக்கக் கோப்பு ஈபப் என்ற மின்னூல் வடிவில் அல்லது வேர்டு வடிவில். மின்னூல் அட்டை உயரம் 2,560, அகலம் 1,600 பிக்சல். ஏழு தேடுசொல் பெட்டிகள், மூன்று வகைப்பிரிவுகள். தொடரின் பெயரும் வரிசை எண்ணும் எல்லாப் புத்தகங்களிலும் எழுத்து மாறாமல் ஒன்றாக இருக்க வேண்டும். கேடிபியில் மின்னூலுக்கு ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண் தேவையில்லை. அச்சு நூலுக்கு அவர்கள் இலவசமாகவே தருகிறார்கள், ஆனால் அந்த எண்ணை வேறு இடத்தில் பயன்படுத்த முடியாது. செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய எழுத்தோ படமோ இருந்தால் ஏற்றும்போது தெரிவிக்க வேண்டும் என்று 2023 முதல் விதி இருக்கிறது. அட்டை வாங்கும்போது வடிவமைப்பாளரிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.

விலை வைப்பதற்கு முன் ராயல்டி, அதாவது விற்பனையில் உங்களுக்கு வரும் பங்கு, அதன் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். அமெரிக்கச் சந்தையில் மின்னூல் விலை 2.99 முதல் 9.99 டாலருக்குள் இருந்தால் 70 சதவீதம் தேர்ந்தெடுக்கலாம், அதற்கு வெளியே 35 சதவீதம்தான். 0.99 டாலர் புத்தகம் ஒன்றுக்கு சுமார் 35 சென்ட் வரும். 2.99 டாலருக்கு விற்றால் கோப்பின் அளவுக்கேற்ற அனுப்புகைக் கட்டணம் போக ஏறக்குறைய 2 டாலர். அதே வருமானத்துக்கு 0.99 டாலர் விலையில் கிட்டத்தட்ட ஆறு மடங்கு பிரதிகள் விற்க வேண்டியிருக்கிறது. இந்தியா, பிரேசில், ஜப்பான், மெக்சிகோ வாசகர்களுக்கு விற்பதில் 70 சதவீதம் வேண்டுமென்றால் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும்.

அந்தத் திட்டத்தில் சேர்ந்தால் 90 நாட்களுக்கு மின்னூலை வேறெங்கும் விற்கவோ இலவசமாகக் கொடுக்கவோ கூடாது. அச்சுப் பிரதிக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. பதிலுக்குக் கிண்டில் அன்லிமிடெட் என்ற சந்தாத் திட்டத்தின் வாசகர்கள் படிக்கிற பக்கத்துக்கேற்பப் பணம் வரும், 5 நாள் இலவசமாகவும் கொடுத்துப் பார்க்கலாம். காலம் முடிந்ததும் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும், அதனால் முடியும் தேதியை நாட்காட்டியில் குறியுங்கள். தொடக்கத்தில் ஒரே தளத்தில் இருப்பதைத்தான் நான் சிபாரிசு செய்வேன். ஐந்து தளங்களைப் பார்த்துக்கொள்ள ஆகும் மாலைகளை மூன்றாவது நாவலுக்குக் கொடுக்கலாம்.

இரண்டாவது புத்தகம் வந்த அன்றே முதல் புத்தகத்தின் கோப்பைத் திறந்து, கடைசி வரிக்கு அடுத்த பக்கத்தில் இரண்டாவதின் இணைப்பைச் சேருங்கள். கதையை முடித்த அந்த நிமிடத்தில்தான் வாசகருக்கு அடுத்தது வேண்டும். நான் பார்த்த விளம்பரங்கள் எதுவும் இந்த ஒரு பக்கத்துக்கு ஈடாகவில்லை.

பணமும் வேலையும்

ராயல்டிக்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள். விற்பனை நடந்த மாதம் முடிந்து ஏறக்குறைய 60 நாள் கழித்துத்தான் பணம் வரும். எனவே புத்தகம், விற்ற மாதம், பணம் வந்த மாதம் என்று மூன்று பத்தி போட்டு எழுதுங்கள். திருத்தம், அட்டை, விளம்பரச் செலவுகளையும் அந்தந்தப் புத்தகத்தின் பெயரிலேயே எழுதுங்கள். அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்கள் கேடிபியின் வரிப் படிவத்தைக் கவனமாக நிரப்ப வேண்டும். அமெரிக்க விற்பனையில் வரும் ராயல்டியில் 30 சதவீதம்வரை பிடித்துக்கொள்வார்கள். உங்கள் நாட்டுக்கு வரி ஒப்பந்தம் இருந்து, உங்கள் வரி எண்ணையும் கொடுத்தால் அது குறையக்கூடும்.

வேலையை எப்போது விடலாம் என்று என்னிடம் கேட்பவர்களுக்குப் புதுப் புத்தகம் வந்த மாதத்தின் வருமானத்தைப் பார்க்காதீர்கள் என்று சொல்வேன். எதையும் வெளியிடாத மாதங்களில் பழைய புத்தகங்கள் மட்டும் என்ன தருகின்றன என்று பாருங்கள். அந்தத் தொகை வீட்டுச் செலவையும், நிறுவனம் உங்களுக்காகக் கட்டுகிற காப்பீட்டையும், ஓய்வுக்காலச் சேமிப்பையும் ஒரு முழு வருடம் தாங்கினால் அப்போது யோசிக்கலாம். அதற்கும் முன்னால் வேலை நேரத்தைக் குறைக்கவோ சம்பளமில்லா விடுப்பு எடுக்கவோ முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். ஒரு வரைவை எழுதி முடிக்கும் காலத்துக்கு அப்படி இருந்து பார்த்தால், நாள் முழுக்கக் கிடைத்தபோது எவ்வளவு எழுதினீர்கள் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.