தெருநாய்க்கும் மலைக்காட்டுக்கும் ஒரே மனு: வேலூரில் கொடுக்கும் முறை

வேலூரைச் சுற்றியுள்ள காப்புக்காடுகளில் கோடையில் குட்டைகள் வற்றிவிட்டால் புள்ளிமான்கள் தண்ணீர் தேடி அடிவாரத்துக்கு இறங்குகின்றன. அங்கே நாய்க்கூட்டம் துரத்திக் குதறிவிடுகிறது. அந்த நாய்களைக் காட்டோரம் வரை இழுத்து வந்தது அங்கே கொட்டப்படும் கோழிக்கழிவும் கல்யாண மண்டபத்து எச்சில் இலையும்தான். நாய்க்கு மாநகராட்சியிடம் ஒரு மனு, மானுக்கு வனத்துறையிடம் ஒரு மனு என்று பிரித்துக் கொடுத்தால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவார். குப்பை, நாய், காடு மூன்றையும் ஒரே மனுவில் எழுதி, எல்லா அலுவலகங்களுக்கும் அதே நகலைக் கொடுங்கள்.

முதலில் எண்ணிக்கை. ‘எங்கள் பகுதியில் நாய்த்தொல்லை அதிகம்’ என்ற வரியை எந்த அதிகாரியும் தினமும் நூறு முறை பார்த்திருப்பார். உங்கள் தெருக்களில் ஒரு பாதையை முடிவு செய்து, விடியற்காலை ஐந்தரையிலிருந்து ஏழு மணிக்குள் இரண்டு பேராக நடங்கள். வேலூர் வெயிலில் பகலில் எண்ணினால் பாதி நாய் காருக்கு அடியிலும் கால்வாயிலும் படுத்திருக்கும், கணக்கு தப்பும். ஒவ்வொரு நாயையும் இரு பக்கமும் படம் எடுங்கள். மறுநாள் அதே பாதை, அதே நேரம். முதல் நாள் 40, மறுநாள் 36, இரண்டு நாளும் கண்ணில் பட்டவை 24 என்றால், 40-ஐ 36-ஆல் பெருக்கி 24-ஆல் வகுக்க வேண்டும்: சுமார் 60 நாய்கள். நேரில் பார்த்ததை மட்டும் எழுதினால் எப்போதும் குறைவாகத்தான் வரும்.

ஆண், பெண், பால் கொடுக்கும் தாய், குட்டி என்று தனித்தனியாகக் குறியுங்கள். காதையும் பாருங்கள். கருத்தடை செய்த நாயின் காதில் சிறு வெட்டு இருக்கும். சண்டையில் கிழிந்த காதும் அப்படித்தான் தோன்றும். ஆனால் கிழிசலின் ஓரம் பிசிறடித்து வளைந்து இருக்கும். அறுவை மேசையில் போட்ட வெட்டு நேர்கோடாக, ஓரத்தில் முடி சீராக வளர்ந்திருக்கும். சந்தேகம் என்றால் ‘வெட்டு இல்லை’ என்றே எழுதுங்கள்.

இனி என்ன கேட்பது என்று பார்ப்போம். 2023-ஆம் ஆண்டு விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகளின்படி, தெருநாயைப் பிடித்துக் கருத்தடை செய்து, வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டியது உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு. உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22-இல் இதை உறுதி செய்தது. வெறிநோய் கண்டவை, அந்தச் சந்தேகம் உள்ளவை, மூர்க்கமானவை மட்டும் விலக்கு. அதே ஆண்டு நவம்பர் 7-ஆம் தேதி உத்தரவு பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களுக்கு வேறு வழி சொல்கிறது: அங்கே பிடிப்பவற்றை அங்கேயே திரும்ப விடாமல் காப்பகத்தில் வைக்க வேண்டும். தெருவையும் வளாகத்தையும் ஒரே வரியில் கலந்து எழுதினால் மனு அங்கேயே சிக்கிக்கொள்ளும்.

‘எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு போங்கள்’ என்று அக்கம்பக்கத்தார் கோபத்தோடு சொல்வார்கள். குழந்தை கடிபட்ட வீட்டில் அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் குப்பை இருக்கும்வரை காலியான தெருவுக்கு வேறு நாய்கள் வரும், அவை ஊசி போடாதவையாக இருக்கும். ஒரு பகுதியில் 70 சதவீத நாய்களுக்குத் தடுப்பூசி போட்டால்தான் வெறிநோய்ச் சங்கிலி அறுபடும். 60 வார்டிலும் பத்துப் பத்து நாயாகப் பிடிப்பது கணக்கில் அழகாக இருக்கும், தெருவில் பயன் இருக்காது. ஒரு வார்டை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகச் சொல்லிக் கேளுங்கள், பெண் நாய்களுக்கு முன்னுரிமை கேளுங்கள். 63 நாள் சினைக்காலத்தில் ஒரு தாய் நான்கைந்து குட்டி போடும். ஒன்றை விட்டால் மொத்த உழைப்பும் வீண்.

பிடிக்க வரும் தேதி தெரிந்ததும், சோறு வைப்பவர்களிடம் முந்தின இரவு வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்; தண்ணீர் இருக்கட்டும். வயிறு நிறைந்த நாய் மயக்கத்தில் வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போய் உயிரே போகலாம். நாய்க்குப் பழகியவர் கூட நின்றால் சுருக்குக் கம்பி தேவையில்லை, வலையோ கையோ போதும். பால் கொடுக்கும் தாயைப் பிடித்துவிட்டால் குட்டிகள் பட்டினியில் செத்துவிடும், அதனால் அந்தத் தாய் நாய்களின் படங்களைப் பிடிக்க வருபவர்களிடம் முன்பே கொடுத்துவிடுங்கள். சோறு வைப்பதும் ஒழுங்காக நடக்கட்டும்: பள்ளி வாசல், வீட்டு வாசல், மாடிப்படி ஓரம் வேண்டாம், குழந்தைகளும் முதியவர்களும் நடமாடாத நேரம், ஒரே இடம், மிச்சத்தை அள்ளிவிட வேண்டும். மலையடிவாரத்தில் வைக்கவே கூடாது.

காட்டுக்கான பகுதியில் மூன்று கேளுங்கள். கழிவு கொட்டும் இடங்களை ஒன்றுவிடாமல் படத்தோடும் தேதியோடும் காட்டி, வண்டிகளைத் தடுக்கக் கேளுங்கள். காட்டுக்குள் இருக்கும் தண்ணீர்த் தொட்டிகளை மாசி முடிவதற்குள் நிரப்பினால் மான் கீழே இறங்காது. அடுத்தது தீத்தடுப்புக் கோடு. காய்ந்த புல்லும் உண்ணிச்செடியும் ஒரு பீடித் துண்டுக்கே பற்றிக்கொள்ளும். சருகை அகற்றி வெறும் தரையாக்கிய பட்டையைத் தையிலேயே வெட்ட வேண்டும். பங்குனியில் மனு கொடுத்தால் மலை ஏற்கெனவே கருகியிருக்கும். சாலையோர மரத்துக்கு ஆபத்து என்றால் இனம், நெஞ்சு உயரத்தில் (1.37 மீட்டர்) சுற்றளவு, இடம் ஆகியவற்றைப் பட்டியலிட்டு, ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவுக்கு அனுப்புங்கள். அரசு நிலத்து மரத்தை வெட்ட அந்தக் குழுவின் அனுமதி வேண்டும். கோடரி விழுந்த பிறகு எழுதுவதால் பயன் இல்லை.

மனு இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். பட்டியலும் வரைபடமும் இணைப்பாக இருக்கட்டும். மாநகராட்சி எல்லைக்குள் என்றால் ஆணையருக்கு, ஊராட்சி என்றால் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு. இருவரில் யாருக்குக் கொடுத்தாலும் மாவட்ட வன அலுவலருக்கும் கால்நடை பராமரிப்புத் துறைக்கும் நகல். திங்கட்கிழமை சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகக் குறைதீர்வு நாளில் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் நகராதீர்கள். அடிவார ஊராட்சிக்காரர்கள் கிராம சபையில் தீர்மானமாகவே எழுதச் செய்யலாம். பேசியது மட்டும் போதாது, தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும்.

பதில் வரவில்லையானால் தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று திரும்பி வரும். வார்டுவாரியாக, மாதவாரியாகக் கருத்தடை செய்த எண்ணிக்கை, திரும்ப விட்ட இடங்களின் பதிவேடு, கருத்தடைப் பணியைக் கண்காணிக்கும் குழுவின் கூட்டக் குறிப்பு ஆகியவற்றின் நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

எண்ணப் போகிறவர்களுக்கும் ஒன்று: யாரையாவது நாய் கடித்தாலோ பிராண்டினாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். மஞ்சளோ சுண்ணாம்போ வைக்கக் கூடாது.

ஆறு மாதம் கழித்து அதே பாதையில், அதே நேரத்தில் மறுபடி எண்ணுங்கள். காது வெட்டு பத்தில் ஏழு நாய்க்கு வந்திருக்கிறதா, புதுக் குட்டிகள் எந்தத் தெருவில் என்று பார்த்து, அந்தத் தெருவின் பெயரை அடுத்த மனுவின் முதல் வரியில் எழுதுங்கள்.