மங்கோலிய மூலிகை மருந்து இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்துகிறதா: சோதிக்கும் முறை

மங்கோலிய மருத்துவத்தில் கல்லீரல் நோய்களுக்குத் தரப்படும் குர்கும்-7 என்னும் கூட்டு மருந்தில் குசும்பாப்பூ முதன்மையான சரக்கு. இப்பூவுக்கு இரத்த உறைவைத் தாமதப்படுத்தும் இயல்பு உண்டு என்று கருதப்படுவதால், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையை உண்ணும் ஒருவர் இம்மருந்தையும் சேர்த்து உண்டால் இரத்தக்கசிவு நேருமா என்பது உயிர் சார்ந்த கேள்வியாகிறது.

நோயாளி எந்த வடிவில் உண்கிறாரோ அந்த வடிவையே சோதிக்க வேண்டும். பொடியை வெந்நீரில் கலந்து குடிப்பதே வழக்கமென்றால் ஆய்வகத்திலும் நீர்ச்சாறே எடுக்க வேண்டும். மெத்தனாலில் எடுக்கும் சாறு, நோயாளியின் உடலுக்குள் ஒருபோதும் செல்லாத பொருள்களையும் கொண்டுவந்துவிடும். பூஞ்சை பிடித்த சரக்கைத் தயங்காமல் ஒதுக்க வேண்டும். 1920களில் வட அமெரிக்காவில் கெட்டுப்போன இனிப்புக் குளோவர் தீவனத்தைத் தின்ற மாடுகள் இரத்தம் கசிந்து இறந்தன. செடியிலிருந்த கூமரினிலிருந்து பூஞ்சையின் செயலால் இரத்தம் உறைவதைத் தடுக்கும் டைகூமரால் உருவானதே அதற்குக் காரணம். பூஞ்சை பிடித்த சரக்கில் கிடைக்கும் முடிவு மருந்தைப் பற்றியதாக இராது.

நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுடன், சென்ற பத்து நாட்களில் ஆஸ்பிரின் உண்ணாத நலமான கொடையாளர்களிடம் இரத்தம் பெற்று, ஒன்பது பங்கு இரத்தத்துக்கு அது உறையாமலிருக்க ஒரு பங்கு 3.2 சதவீத சோடியம் சிட்ரேட் சேர்க்க வேண்டும். மையவிலக்கியில் 1,500 ஜி விசையில் 15 நிமிடம் சுழற்றி, அணுக்களிலிருந்து பிரித்த நீர்மமான பிளாஸ்மாவை நான்கு மணி நேரத்துக்குள் பயன்படுத்துவது நல்லது. ஒன்பது பங்கு பிளாஸ்மாவுடன் ஒரு பங்கு சாறு கலந்து, 37 டிகிரி செல்சியஸில் சற்று நேரம் வைத்திருந்து, உறைவின் வெவ்வேறு படிகளைக் காட்டும் புரோத்ராம்பின் நேரம், ஏபிடிடி (aPTT), த்ராம்பின் நேரம் ஆகிய மூன்று உறைவு நேரங்களையும் அளக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க, அதே அளவு உப்புநீர் சேர்த்த பிளாஸ்மாவும் உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் சேர்த்த பிளாஸ்மாவும் ஒவ்வொரு முறையும் உடன் இருக்க வேண்டும்.

உறைவு நேரம் நீண்டதும் மகிழ்ந்துவிடக் கூடாது. பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நேர்கின்றன. குசும்பாவின் மஞ்சள், சிவப்பு நிறமிகள் ஒளியைக் கொண்டு அளக்கும் கருவியை ஏமாற்றக்கூடும் என்பதால், எஃகுக் குண்டின் அசைவைக் கொண்டு உறைவை அறியும் கருவியே ஏற்றது. துவர்ப்புப் பொருளான டானின்கள் புரதங்களைப் படியவைத்து, இரத்தத்தை உறையவைக்கும் புரதங்களான உறைவுக் காரணிகளைக் குறைத்துவிடும். அவற்றை நீக்கியபின் விளைவு மறைந்தால் அது உண்மையான மருந்துச் செயல் அன்று. உறைவுக்குத் தேவையான கால்சியத்தைச் சாறு பிணைத்துக்கொள்கிறதா என்பதைக் கூடுதல் கால்சியம் சேர்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். சாற்றின் அமில-கார அளவை (pH) 7.4-க்குக் கொண்டுவருவதும் கட்டாயம்.

தட்டணுக்கள் ஒன்றுசேர்வதைச் சாறு தடுக்கிறதா என்பதைத் தட்டணுக்கள் நிறைந்த பிளாஸ்மாவில் அவற்றை ஒன்றுசேரத் தூண்டும் ஏடிபி (ADP), கொலாஜன் ஆகியவற்றைக் கொண்டு தனியே பார்க்க வேண்டும்.

சோதனைக்குழாயில் ஒன்றும் நிகழவில்லை என்பதாலேயே மருந்து பாதுகாப்பானது என்று எழுதிவிடவும் முடியாது. வார்ஃபரினையே குழாயிலுள்ள பிளாஸ்மாவில் சேர்த்தால் உறைவு நேரம் மாறுவதில்லை. அது கல்லீரலில் வைட்டமின் கே சுழற்சியைத் தடுத்து, புதிய காரணிகள் உருவாவதைக் கெடுக்கிறது. எனவே விலங்குகளுக்கு வாய்வழியாகப் பல நாட்கள் மருந்து கொடுத்து, பிறகு இரத்தம் எடுத்து அளக்க வேண்டும். ஏற்கெனவே இரத்தத்திலுள்ள காரணிகள் குறையக் காலம் எடுக்கும் (மனிதரில் புரோத்ராம்பின் காரணி பாதியாகக் குறையும் அரை ஆயுள் ஏறத்தாழ 60 மணி நேரம்) என்பதால், ஓரிரு வேளைக்குப் பின் அளப்பது பயன் தராது. ஒரு குழுவுக்கு மருந்துடன் குறைந்த அளவு வார்ஃபரினும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். நோயாளிகளுக்கு உண்மையில் தேவையான விடை அந்தக் குழுவிலிருந்துதான் கிடைக்கும்.